நள்ளிரவுத் தடையும் குதிரைப் பந்தயத் தீர்ப்பும்

குதிரைப் பந்தயம் திறன் சார்ந்தது என்று 1996-இல் கே. ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றமே கூறிவிட்டதால், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை நிறுத்திவைக்கும் தமிழ்நாட்டின் 2025ஆம் ஆண்டு விதி இணையக் குதிரைப் பந்தயத்துக்குப் பொருந்தாது என்னும் வாதம், தீர்ப்பின் முடிவைப் பிடித்துக்கொண்டு அதன் அடிப்படையை விட்டுவிடுகிறது. அத்தீர்ப்பு எடைபோட்டது குதிரையின் வம்சத்தையும் பயிற்சியையும், ஜாக்கி எனப்படும் குதிரையோட்டியின் திறனையும். கணினி நிரல் ஓட்டும் திரைக் குதிரைக்கோ வம்சமும் இல்லை, களைப்பும் இல்லை. திடலில் பந்தயம் முடிந்தால் கூட்டம் கலைந்தாக வேண்டும். பெண்ணாடத்தில் ஒருவர் கைப்பேசியில் ஆடும் பந்தயத்துக்கு அத்தகைய இயல்பான முடிவு இல்லாததால்தான் விதி அம்முடிவை வகுக்கிறது. 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இவ்விதி செல்லும் என்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றமோ, திறனா தற்செயலா என்ற பாகுபாடே பாராமல், இணையப் பண விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நள்ளிரவில் ஆட்டத்தை நிறுத்துமுன் முன்னறிவிப்பும், கட்டிய பணத்தை மீட்கக் காலக்கெடுவும் வேண்டும் என்பது மட்டுமே நியாயமான கோரிக்கை. அது விதியைச் செம்மைப்படுத்தக் காரணமாகுமே தவிர, நீக்கக் காரணமாகாது.