மடல் வரையும் பாடம்

முனைவர் பட்டத்திற்குப் பின் கிட்டும் ஆய்வுப் பணியிடம் செல்வாக்கினால் வருவது என்பார் லாயாங் லாயாங் தேநீர்க் கடையிலும் உளர். ஆசிரியர் அறையிலும் உளர். பின்னவர் பேச்சே பெருங்கேடு.

1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் முனைவரானார். உயிரியல் அவருக்குப் புதிது. ஆதலால் கலிபோர்னியாவில் மீண்டும் மாணவராய் அமர்ந்தார். உயிரணுவில் புரதம் சமைக்கும் ரைபோசோம் பற்றி யேல் பல்கலைக்கழக அறிஞர் இருவர் எழுதிய கட்டுரையைப் படித்து, அவருள் ஒருவருக்கு மடல் வரைந்தார். மற்றவரான பீட்டர் மூரிடம் 1978-இல் இடம் கிட்டிற்று. அதன்பின் பேராசிரியப் பணிக்கு ஏறத்தாழ 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் இடம் கிட்டவில்லை. அதையும் மாணவரிடம் மறைத்தல் ஆகாது. 2009-இல் வேறிருவருடன் அவர் நோபல் பரிசு பெற்றது அந்த ரைபோசோம் ஆய்வுக்கே.

பரிந்துரை மடல் வேண்டுவதுதான். ஆயின் அதனைத் தருபவர் மாணவனின் உழைப்பை அருகிருந்து கண்டவர். ஊர்ப் பெரியவர் அல்லர்.

வகுப்பறைக் கடிதப் பாடமோ ‘பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்பதை மனப்பாடம் செய்விப்பதோடு முடிகிறது. ‘ஐயா, தங்கள் கட்டுரையில் இவ்விடம் விளங்கவில்லை, இதனை நான் ஆய்ந்து பார்க்கலாமா?’ என எழுத எந்த ஆசிரியர் பழக்கினார்? அப்படி எழுதிய பிள்ளையின் தாளில் சிவப்பு மைக் கோடல்லவா விழுகிறது?