இல்லத் தோட்டம்: அரளி

தோட்டக் கலைக்குத் தாபோடி பழைய ஊர். 1828இலேயே இங்கு அரசினர் தாவரத் தோட்டம் நிறுவப்பட்டது. வாசலோரம் சிறிதே மண்ணுள்ள நம் இல்லங்களுக்கும் ஏற்ற செடி அரளி. மராத்தியர் இதனைக் 'கண்ஹேர்' என்பர்.

கணுவுக்கு மூன்றாக, ஈட்டிபோல் நீண்ட தடித்த இலைகளே இதன் அடையாளம். மலர் வெள்ளையோ சிவப்போ ஆகலாம். மணி போன்ற மஞ்சள் மலருடைய பொன்னரளி வேறு இனம்.

மழைக்காலத் தொடக்கத்தில், முற்றிய கிளையில் ஒரு சாண் துண்டு வெட்டி, நீர் தேங்காத வெயிலிடத்தில் நடுக. வேரூன்றியபின் வறட்சியைத் தாங்கும். பூத்து ஓய்ந்ததும் கத்தரித்தால் அடர்ந்து தழைக்கும்.

ஒன்றை மறத்தலாகாது. இவ்விரு செடிகளிலும் வேர் முதல் விதை வரை யாவும் நஞ்சு. இதயத் துடிப்பைக் குலைக்கும். பூசைக்கு மலர் பறித்ததும் கை கழுவுக; வெட்டிய கிளைகளை அடுப்பெரித்தலாகாது. குழந்தை எதையேனும் மென்றுவிட்டால், கைவைத்தியத்தில் காலம் போக்காது மருத்துவமனைக்கு விரைக.