ஊஞ்சல் இருந்தால் மட்டும் தெரபி ஆகிவிடுமா?

மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். சட்டை லேபிள் உரசினாலே கழற்றி வீசுகிறான். 'சென்சரி பிரச்சினைதான், தெரபி ஆரம்பிச்சிடலாம்' என்று யாராவது சொன்னால் பெற்றோர் உடனே தலையாட்டிவிடுவார்கள். ஆனால், நல்ல ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 'கொஞ்சம் பொறுங்க' என்பார். அதுதான் சரி.

எது இந்தத் தெரபி?

ஒலி, தொடுதல், அசைவு, சமநிலை ஆகிய உணர்வுகளை மூளை ஒன்றுசேர்ப்பதில் சிக்கல் வந்தால் கற்றலும் நடத்தையும் பாதிக்கப்படும் என்றார் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஜீன் ஏர்ஸ். 1972-ல் வந்த அவரது புத்தகமே 'சென்சரி இன்டகிரேஷன்' தெரபிக்கு அடித்தளம். ஊஞ்சலாடுவது, ஏறுவது, குதிப்பது என விளையாட்டு வழியே குழந்தைக்குத் தகுந்த சவாலைத் தருவதுதான் இந்த முறை. கனமான அங்கியை மாட்டி உட்காரவைப்பதும், கையில் பிரஷ் தேய்ப்பதும் வேறு சங்கதி. எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

முதலில் மதிப்பீடு

உணர்வுகளைக் கையாள்வதில் சிக்கல் இருப்பது முறையான மதிப்பீட்டில் பதிவாகாமல் இத்தகைய சிகிச்சையைத் தரக் கூடாது என்று 2018-லேயே சொல்லிவிட்டது அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கம். அதனால் தெரபிஸ்ட் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்பார், குழந்தை விளையாடுவதைக் கவனிப்பார். தூக்கமின்மையா, பயமா, காதில் கோளாறா என்றும் பார்க்கச் சொல்வார்.

அடுத்து இலக்கு. 'பையன் அமைதியாகணும்' என்பது இலக்கே அல்ல. 'அழாமல் முடி வெட்டிக்கொள்ள வேண்டும்' என்பது இலக்கு. அதை அளக்க முடியும்.

ஆதாரம் என்ன சொல்கிறது?

2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள 32 குழந்தைகள் பங்கேற்றனர். 10 வாரம் இந்தத் தெரபி பெற்றவர்கள், தங்களுக்கென வகுத்த இலக்குகளில் மற்றவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். 2022-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 138 குழந்தைகள். எரிச்சல், படபடப்பு போன்ற நடத்தைகளில், வழக்கமான கவனிப்பைவிட இந்தத் தெரபி கூடுதல் பலன் தரவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், குறிப்பிட்ட ஒரு சிக்கலுக்கு இது உதவக்கூடும். 'எல்லாம் சரியாகிடும்' என்று வாக்குக் கொடுக்க ஆதாரம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2012-ல் இதையொட்டியே பேசியது: முழுத் திட்டத்தில் ஒரு பகுதியாகப் பயன்படுத்தலாம், ஆனால், ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும்.

கெடு வையுங்கள்

வீணாவது பணம் மட்டுமல்ல. பலன் தராத ஒவ்வொரு மணி நேரமும் பேச்சுப் பயிற்சிக்கோ, சும்மா விளையாடுவதற்கோ போயிருக்க வேண்டிய நேரம். எனவே முதல் நாளே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடலாம்: 'மூணு மாசத்துல என்ன மாற்றம் தெரியணும்? தெரியலைன்னா என்ன பண்ணுவோம்?'

இரண்டாவது கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் தெரபிஸ்ட்டை நம்பிக் குழந்தையை ஒப்படைக்கலாம்.