ஓய்வூதியம் குறையவில்லை... உதவ ஆள்தான் குறைகிறது! அமெரிக்காவில் என்ன நடக்கிறது?

பாட்டியின் கைத்தொலைபேசியில் சிங்பாஸ் போட்டுக் கொடுத்தது நீங்கள்தானே? அமெரிக்காவில் பேரப்பிள்ளைகளுக்கு அந்த மாதிரி வேலை கூடலாம்.

என்ன நடந்தது?

அங்கு முதியோருக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வழங்குவது சமூகப் பாதுகாப்பு நிர்வாகம். ஊழியர் எண்ணிக்கையைச் சுமார் 57,000இலிருந்து 50,000க்குக் குறைக்கப்போவதாக அது 2025 பிப்ரவரியில் அறிவித்தது. வட்டாரத் தலைமை அலுவலகங்கள் 10இலிருந்து 4 ஆகும் என்றும் சொன்னது.

அப்போ பணம் குறையுமா?

இல்லை. தொகையை முடிவு செய்வது சட்டம். குறைவது உதவிக்கு இருக்கும் ஆட்கள். பயன்பெறுவோரோ 70 மில்லியனுக்கும் மேல். 1946 முதல் 1964 வரை பிறந்த பெரிய தலைமுறை ஓய்வுபெறுவதால் அந்த எண்ணிக்கை இன்னும் ஏறுகிறது.

யாருக்குச் சிரமம்?

மார்ச்சில் இன்னோர் அறிவிப்பு வந்தது. மோசடியைத் தடுக்க, தொலைபேசிவழி அடையாளத்தை உறுதிசெய்வது நிறுத்தப்படும். இணையத்தில் செய்யுங்கள், முடியாவிட்டால் நேரில் வாருங்கள் என்றது நிர்வாகம்.

இணையம் பழகாதவர், கார் ஓட்ட முடியாதவர் என்ன செய்வார்? எதிர்ப்பு கிளம்பியது. ஏப்ரலில் நிர்வாகம் பின்வாங்கியது. தொலைபேசிவழி விண்ணப்பம் தொடர்ந்தது.

நாம் ஏன் கவனிக்க வேண்டும்?

செலவைக் குறைப்பதும் மோசடியைத் தடுப்பதும் தேவைதான். ஆனால் முகப்பில் குறையும் வேலை காணாமல் போய்விடாது, வீட்டுக்கு வந்துவிடும். உதவப் பிள்ளையோ பேரப்பிள்ளையோ இல்லாதவர்தான் முதலில் விடுபடுவார்.