கரட் ஒரு கிலோ, கூலி ஒரு நாள்

நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தெடுக்கக் கண்டியில் கிளினிக்குக்குப் போகிறவர்கள் மாத்திரையோடு ஒரு புத்திமதியையும் வாங்கி வருகிறார்கள். 'மரக்கறியும் பழமும் நிறையச் சாப்பிடுங்கள்' என்பதே அது. அதில் பிழையில்லை. அது யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

பெருத்த இடுப்பு, உயர்ந்த இரத்த அழுத்தம், கூடிய சீனி, கூடிய ட்ரைகிளிசரைட், குறைந்த நல்ல கொலஸ்ட்ரோல் ஆகிய ஐந்தில் மூன்று சேர்ந்தால் அதனை மெற்றபொலிக் சின்ட்ரோம் என்பர். மாரடைப்புக்கும் நீரிழிவுக்கும் அது முன்னறிவிப்பு. தெற்காசியரான நமக்கு இடுப்பளவின் எல்லையும் குறைவு: ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80. சேர்ட்டுக்குள் மறைத்துவிடக்கூடிய வயிறுதான்!

மரக்கறியின் நார்ச்சத்து சீனி இரத்தத்தில் சேரும் வேகத்தைத் தணிக்கிறது. அதிலுள்ள பொட்டாசியம் இரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவுகிறது. நாளொன்றுக்கு 400 கிராமேனும் பழமும் மரக்கறியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் இதில் சேரா. நம்மவர் பலர் கிழங்குக் கறியைச் சோற்றில் ஊற்றிவிட்டு மரக்கறி உண்டதாகத் திருப்திப்படுகின்றனர். 2015 இல் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட சுகாதார ஆய்வில், வயதுவந்தோரில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் போதிய அளவு உண்ணவில்லை எனத் தெரியவந்தது.

மரக்கறி அதிகம் உண்போரிடம் இந்நோய்க்கூட்டம் குறைவு என்று ஆய்வுகள் பல கூறுகின்றன. ஆனால் அதிகம் உண்போர் பெரும்பாலும் வசதி படைத்தோர் என்பதையும் மறக்கலாகாது.

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 1.6 கிலோ வேண்டும். 2024 ஜனவரியில் ஒரு கிலோ கரட்டின் விலை 2,000 ரூபாவைத் தொட்டது. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா. ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் பகலெல்லாம் மலையேறிக் கொழுந்து பறித்தவளுக்கு அன்றைய கூலியில் அரைக் கிலோ கரட். பின்னர் விலை இறங்கியது, சம்பளமும் ஏறியது. ஆனால் செலவைச் சுருக்கும்போது முதலில் சட்டியிலிருந்து மறைவது மரக்கறிதான்; கோதுமை மா ரொட்டியும் சீனித் தேநீரும் தட்டில் நிலைத்துவிடுகின்றன. அவளிடம் போய் நார்ச்சத்தைப் பற்றிப் பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வல்லாரையும் பொன்னாங்காணியும் மலிவுதானே என்று கேட்பார்கள். உண்மையே. கரட்டையும் லீக்ஸையும் பெரிதாக எண்ணிக் கீரையை ஏழையின் கறியாக்கியது நம் மூடத்தனம். எனினும், லயன் முன்னே நாலு பாத்தி போட அவளுக்குச் சொந்த நிலம் எங்கே? ஏழு பேர்ச் காணி என்ற வாக்குறுதி எத்தனை தேர்தல்களைக் கண்டுவிட்டது!

இன்னொரு பக்கம், நுவரெலியாவிலிருந்து கண்டி, மாத்தளை வழியாகத் தம்புள்ளைக்குப் போகும் லொறிகளில் கோவாவும் தக்காளியும் சாக்குகளில் நசுங்குகின்றன. அறுவடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இவ்வாறு பல வழிகளில் வீணாகிறது. பிளாஸ்டிக் கூடைகளைக் கட்டாயமாக்க 2011 இன் இறுதியில் அரசாங்கம் முனைந்தபோது வியாபாரிகளும் விவசாயிகளும் கொதித்தெழுந்தனர். கூடையின் விலையை யார் கொடுப்பது என்பது அவர்களது கேள்வி, நியாயமான கேள்வி. அதை அரசாங்கம் ஏற்றிருக்கலாம். ஆயுள் முழுவதும் கொடுக்கும் நீரிழிவு மாத்திரைகளைவிடக் கூடைகள் மலிவாகவே முடிந்திருக்கும் என்பது என் எண்ணம்.