கரண்ட் வைக்குமுன் பல்லைக் காட்டுங்கள்

வாய்ப் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னதும் குடும்பத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: உயிர் தப்புமா? அந்த வேளையில் பல்லைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. ஆனால் நோயிலிருந்து பிழைத்தவர்களே பின்னர் கெட்டுப்போன ஒரு பல்லினால் தாடை எலும்பை இழக்க நேரிடுவதுண்டு. பல் பராமரிப்பு, புற்றுநோய்ச் சிகிச்சையின் ஒரு பகுதி. அது வசதி படைத்தோரின் காரியம் அல்ல என்பதே எமது கருத்து.

இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோய்தான். குளிரையும் பசியையும் மறக்க வெற்றிலை, பாக்கு, புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு மலையில் உழைத்த மக்கள் நாம். ஆகவே இது நமது பிரச்சினை.

கரண்ட் வைத்தல் என்று நாம் சொல்லும் கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு, ஏழு வாரங்கள் நடக்கும். அது நோயை அழிக்கும்போது உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் தாக்குகிறது. உமிழ்நீர் வற்றிய வாயில் பற்கள் விரைவாகச் சொத்தையாகும். தாடை எலும்புக்கு இரத்த ஓட்டமும் குறையும். பின்னர் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே உக்கிப்போகலாம். இந்த ஆபத்து வாழ்நாள் முழுவதும் உண்டு.

எனவே பிடுங்க வேண்டிய பற்களைச் சிகிச்சைக்கு முன்னரே பிடுங்கி, புண் ஆற ஏறக்குறைய இரண்டு வாரம் விட வேண்டும். நோய் உறுதியான அன்றே, “பல்லை யாரிடம் காட்டுவது?” என்று கேளுங்கள். கலஹாவிலிருந்து இறங்கும் வீதி பேராதனைக்கே செல்கிறது. பல் போதனா வைத்தியசாலை அங்கேதான் உள்ளது.

சிகிச்சை நாட்களில் மென்மையான பிரஷும் புளோரைட் பற்பசையும் பாவியுங்கள். கரியும் செங்கல் தூளும் வேண்டாம். ஒரு கோப்பை இளஞ்சூட்டு நீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதில் பாதியளவு உப்பும் கலந்து அடிக்கடி கொப்பளியுங்கள். வாய் காய்ந்தால் வெறும் தண்ணீரைக் குடியுங்கள். சீனியைக் கடித்துக்கொண்டு பிளேன்டீ குடிப்பது சொத்தையை வளர்க்கும். வெற்றிலை, புகை, மதுவை அறவே விடுங்கள். தாடை இறுகிப்போகாதிருக்க, வைத்தியர் காட்டித்தரும் வாய் திறக்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். சிகிச்சை முடிந்த பின்னும் பல் வைத்தியரை ஒழுங்காகச் சந்தியுங்கள்.

இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கரண்ட் வைத்தது ஓர் ஊரில், குடியிருப்பது வேறோர் ஊரில். புதிய ஊரின் பல் வைத்தியருக்கு நமது பழைய கதை தெரியாது. வலி தாங்காமல் போய், “பிடுங்கிவிடுங்கள் ஐயா” என்று கேட்டால் அவரும் பிடுங்கிவிடக்கூடும். ஆகவே கிளினிக் கொப்பியை அடையாள அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அது தொலைந்திருந்தாலும், எந்த ஆண்டில், எந்த வைத்தியசாலையில், எந்தப் பக்கத்துக்குக் கரண்ட் வைத்தார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். வீட்டிலுள்ளோரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பஸ் காசும், இழக்கும் நாட்சம்பளமும் இலவசமல்ல. பலர் பல் வைத்தியரிடம் போகாமலே விடுவது இதனால்தான். மரணச் செலவுக்குப் பணம் சேர்க்கும் சங்கங்கள் நம்மிடம் உண்டு. உயிரோடு இருப்பவர் பேராதனைக்குப் போய்வர அதே சங்கம் பஸ் காசு கொடுக்கலாகாதா? அடுத்த கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள்.