மரம் சோறு போடுமா?

வளர்ச்சி பற்றிப் பேச ஆரம்பித்தாலே யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். பி.காம். மாணவன் என்கிற முறையில் கணக்கு வழியிலேயே பதில் சொல்கிறேன்.

மரக்காணம் உப்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் கூலி, லாரி வாடகை எல்லாம் கணக்கில் ஏறும். தண்ணீரை உப்பாக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் எந்த நோட்டிலும் ஒரு வரி கிடையாது. பில் வராத சரக்குக்கு மதிப்பும் கிடையாது என்பது நம் ஊர் வழக்கம்!

அங்கிருந்து தெற்கே ஆரோவில். 1968-ல் அது பெரும்பாலும் மொட்டைச் செம்மண் மேடு. மழை பெய்தால் மண் கரைந்து வங்கக் கடலுக்கு ஓடியது. வரப்பு போட்டு, குளம் வெட்டி, லட்சக்கணக்கில் மரம் நட்ட பிறகுதான் மழைநீர் நிலத்துக்குள் இறங்கியது. கடலோரத்தில் போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச உப்புநீர் உள்ளே ஏறும். அதைத் தள்ளி நிறுத்துவது இப்படி இறங்கும் நல்ல தண்ணீர்தான். இதையே சிமெண்ட் செய்தால் முதலீடு, மரம் செய்தால் பூஜ்யம்.

2021 டிசம்பரில் கிரவுன் சாலைக்காக அங்கே ஜேசிபி வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் தடுத்தது. தீர்ப்பாயத்தின் 2022 உத்தரவை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. என் சண்டை தீர்ப்போடு இல்லை, கணக்கோடு. சட்டப்படி காடு என்றால், அதை வேறு வேலைக்கு எடுக்க ஹெக்டேர் கணக்கில் ஒரு தொகை கட்ட வேண்டும். அதன் விகிதத்தை மத்திய அரசு 2022-ல் திருத்தியது. ஆரோவில் மரங்கள் சட்டப்படி காடு இல்லை. ஆகவே அந்தத் தொகையும் இல்லை. வேர் அதே வேர்தான், ஃபைலின் தலைப்புதான் வேறு.

"இயற்கைக்கு விலை போடலாமா?" என்று கோபப்படும் நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வீட்டை இன்சூர் செய்கிறவன் வீட்டை விற்கிறவனா? வங்கி வேலையிலிருந்து வந்த பவன் சுக்தேவ் இயற்கையின் சேவைகளை 'ஏழைகளின் ஜிடிபி' என்றே சொன்னார். அதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. இந்த மேட்டு நீரின் ஒரு பங்கு போய்ச் சேருகிற கழுவேலியில் மீனும் இறாலும் வளர்கின்றன. 2021-ல் 5,151.6 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். நல்லது. ஆனால் அதற்குத் தண்ணீர் அனுப்பும் மேடு எந்தக் கணக்கில் வருகிறது?

கேள்வி கேட்டவரிடம் திருப்பிக் கேளுங்கள்: போரில் உப்புத்தண்ணீர் ஏறிய பிறகு, சோறாக்க உலையில் எந்தத் தண்ணீரை ஊற்றுவீர்கள் ஐயா?